சடக்கு இருக்கா?

சாலை வரைவதுதான் என் வேலை. ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனத்தில் ஐந்து வருடமாக அதைச் செய்கிறேன். கட்டப்போகும் சாலையைக் கணினியில் கெட்டிக்கோடாகப் போடுவோம். ஏற்கெனவே இருந்து, இனி தேவைப்படாத பாதைகள் சாம்பல் நிறப் புள்ளிக்கோடாக மாறும். பக்கத்தில் 'அகற்றப்படும்' என்று ஒரு வார்த்தை எழுதுவோம். போன வருடம் நான் அப்படி மாற்றிய பாதைகளில் ஒன்று, பேராக்கில் என் பாட்டி முப்பது வருடத்துக்குமேல் நடந்த தோட்டத்துச் செம்மண் சடக்கு.

தேடிப்போய் எடுத்த வேலை இல்லை. ஒரு நெடுஞ்சாலைத் திட்டத்தின் இணைப்புச் சாலை அந்தப் பக்கம் போனது, கோப்பு என் மேசைக்கு வந்தது, அவ்வளவுதான். அந்தத் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து வெகுநாளாகிவிட்டது. லயங்களையும் இடித்துவிட்டார்கள். பாட்டி ஈப்போவில் எங்கள் வீட்டில் இருக்கிறார். வயது எண்பத்திரண்டு. முட்டி தேய்ந்துபோய், வாசற்படி இறங்குவதே பெரிய காரியம். நான் சைட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு கேட்டார்: "சடக்கு இருக்காய்யா?"

"இருக்கு பாட்டி."

பொய்யில்லை. அன்றைக்கு இருந்தது.

இறுதி வரைபடங்களை ஒப்படைக்க இரண்டு மாதம் இருந்தபோது, மென்பொருள் பயிற்சிக்காக என்னை மூன்று வாரம் லாஸ் வேகாஸுக்கு அனுப்பினார்கள். அங்கே பெரியம்மா மகன் இருக்கிறார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒன்பது வயதுவரை அந்தத் தோட்டத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர். நான் பிறந்தபோது எங்கள் குடும்பத்தில் யாரும் தோட்டத்தில் இல்லை. எனக்கு அது அம்மா சொல்லும் கதை. அவருக்கு அது ஊர்.

"வெள்ளிக்கெழம லீவு சொல்லிரு தம்பி," என்றார் அண்ணன். "ஒரு ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ போடுற ரோடு மாதிரி இருக்காது."

அதுதான் மொஹாவி சாலை.

*

கலிஃபோர்னியாவின் கிழக்கு எல்லையில் கொலராடோ ஆறு ஓடுகிறது. அங்கிருந்து மேற்கே, மொஹாவி பாலைவனத்தின் குறுக்காக, ஏறக்குறைய 220 கிலோமீட்டர் நீளம். தார் இல்லை, பெட்ரோல் நிலையம் இல்லை, பெரும்பகுதியில் போனும் எடுக்காது. சாதாரணக் காடி போகாது, ஃபோர்வீல் வேண்டும். அதுவும் ஒற்றை வண்டியாகப் போகக்கூடாது என்பார்கள். அதனால் அண்ணனோடு வேலை செய்யும் ஒருவர் தன் ஜீப்பில் கூட வந்தார். அண்ணனுடைய பழைய டொயோட்டாவில் நாற்பது லிட்டர் தண்ணீர், இரண்டு உபரி டயர், மண்வெட்டி, கயிறு, மூன்று நாள் சாப்பாடு. கிளம்பும்போது வாசலில் கிடந்த சரளையைக் காட்டி, "ஒரு கல்லு எடுத்துப் பையில போட்டுக்க" என்றார். ஹார்ட்வேர் கடையில் மூட்டையாக வாங்கிக் கொட்டிய சரளை. ஏன் என்று கேட்டதற்கு, "மூணாம் நாள் சொல்றேன்" என்று சொல்லிவிட்டார்.

காலையில் ஆற்றங்கரையில் நின்றோம். எதிர்க்கரை அரிசோனா. 1858-இல் மேற்கே குடியேறப் போன ஒரு வண்டிக் கூட்டத்தை மொஹாவி மக்கள் இந்த ஆற்றோரத்தில் தாக்கினார்கள். அடுத்த வருடமே அமெரிக்க ராணுவம் வந்து எதிர்க்கரையில் மொஹாவி கோட்டையைக் கட்டியது. கோட்டைக்கும் கடற்கரைக்கும் நடுவே சரக்கு வண்டிகள் இந்தப் பாதையில் ஓடின. 'பழைய அரசுச் சாலை' என்று இதற்கு இன்னொரு பெயரே உண்டு.

ஆனால் இது அரசு போட்ட சாலை இல்லை. மொஹாவி மக்கள் தூரம் ஓடுவதில் பேர்போனவர்கள். பசிபிக் கடலோரத்துக்குப் போய்ச் சிப்பி முதலான பொருள்களை மாற்றிக்கொண்டு வர அவர்கள் ஓடிப் பழகிய தடம் இது. 1776-இல் பிரான்சிஸ்கோ கார்செஸ் என்ற ஸ்பானியப் பாதிரியாரை அவர்கள்தான் இதன் வழியே கூட்டிப்போனார்கள். 1826-இல் ஜெடடையா ஸ்மித் இதே வழியில் கலிஃபோர்னியாவுக்குள் நுழைந்தார். 1854-இல் ரயில் பாதைக்காக நிலம் அளக்க வந்த விப்பிள் குழுவுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் இரடாபா என்ற மொஹாவித் தலைவர். 1857-இல் எட்வர்ட் பீல் ஒட்டகங்களோடு வந்து இந்த ஆற்றைக் கடந்தார். பாலைவனத்தில் ஒட்டகம் உதவுமா என்று ராணுவம் சோதித்துப் பார்த்த காலம் அது. எல்லாருக்கும் முன்னால் யாரோ ஒரு மொஹாவி நடந்துபோய் 'இங்கே திரும்பு, இங்கே தண்ணி இருக்கு' என்று காட்டிய பாதை. பிறகு சக்கரம் வந்தது, கோட்டை வந்தது, பெயர் மாறியது.

அந்தக் கோட்டை 1890-இல் பள்ளிக்கூடமானது. மொஹாவிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து தங்கவைத்து, அவர்களை வேறு ஆட்களாக மாற்றுவதற்கான பள்ளிக்கூடம். இன்று அந்த மக்களின் ஒதுக்கீட்டு நிலம் ஆற்றின் இரு கரையிலும், மூன்று மாநிலங்களில் பரவியிருக்கிறது.

டயர் காற்றை 35 பி.எஸ்.ஐ.-யிலிருந்து 20-க்கு இறக்கினோம். காற்று குறைந்தால் டயர் தரையில் அகலமாகப் படியும். எடை பரவும், மணலில் புதையாது. கல்லின் குத்தலையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். பல்கலைக்கழகத்தில் இதைச் சூத்திரமாகப் படித்தவன், முதல்முறையாக முட்டி போட்டு டயர் வாயைப் பிடித்துக்கொண்டு 'உஸ்ஸ்' சத்தத்தைக் கேட்டேன்.

*

முதலில் வெறும் சமவெளி. முழங்கால் உயரக் கிரியோசோட் புதர்கள், ஒவ்வொன்றும் இன்னொன்றிடமிருந்து தள்ளித் தள்ளி, யாரோ அளந்து நட்டதுபோல. எங்கள் ஊரில் நிலம் தன்னை மூடிக்கொண்டே இருக்கும். ஒரு மாதம் யாரும் நடக்காவிட்டால் லாலாங் வந்து பாதையை விழுங்கிவிடும். இங்கே நிலம் எதையும் மூடுவதில்லை. யாரோ எப்போதோ ஓட்டிய ஒரு டயர்த் தடம் அப்படியே கிடக்கிறது. அதனால்தான் தடத்தைவிட்டு விலகாதே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இங்கே தவறாக வைத்த சக்கரத்தை மழை வந்து மன்னித்துவிடாது.

மதியம் பையூட் ஊற்றை அடைந்தோம். அத்தனை வறண்ட மலைக்கு நடுவே வருடம் முழுக்க ஓடும் ஒரு சின்ன ஓடை. கரையில் வில்லோ மரங்கள். பக்கத்தில் 1867-இல் தபாலுக்கும் வண்டிகளுக்கும் காவலாக ராணுவம் கட்டிய கல் அரணின் இடிந்த சுவர். ஒரு வருடத்திலேயே அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

அரணுக்குப் பின்னால் மலை ஏறும் பழைய வண்டிப் பாதையில் இப்போது வண்டி விடக்கூடாது. நடந்து போனோம். பாறையில் இரண்டு பள்ளங்கள், இணையாக. இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரங்கள் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கியவை. உட்கார்ந்து கைவைத்துப் பார்த்தேன். விரல்கள் உள்ளே இறங்கின. பளுவும் தடவையும் சேர்ந்து தரையை எவ்வளவு தேய்க்கும் என்று கணக்குப் போட்டுத்தான் நாங்கள் தார் எத்தனை மில்லிமீட்டர் என்று முடிவு செய்கிறோம். இங்கே கணக்கின் விடை கல்லிலேயே இருந்தது.

அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்தார். "தோட்டத்துல பால் ஏத்துற மாட்டுவண்டி போன தடம் இப்படித்தான் இருக்கும்பாங்க தாத்தா," என்றார். "நான் பாக்கறப்ப டிராக்டர் வந்துருச்சு."

நான் ஒன்றும் பேசவில்லை.

திரும்ப வண்டிக்கு வந்து, மின்கம்பி ஓரமாகச் சுற்றிக்கொண்டு லான்ஃபேர் பள்ளத்தாக்குக்குள் ஏறினோம். அங்கே ஜோஷ்வா மரங்கள். கைகளை ஏடாகூடமாகத் தூக்கி நிற்கும் முள் மரங்கள். 1910-களில் இங்கே இலவச நிலத்துக்காக மக்கள் வந்து குடியேறினார்கள். கறுப்பினக் குடும்பங்களும் வந்து டன்பார் என்ற ஊரை உண்டாக்கினார்கள். மழை ஏமாற்றியது. எல்லாரும் போய்விட்டார்கள். இப்போது சரளையும் வானமும்தான்.

ஒரு விஷயம் அன்றைக்குப் பிடிபட்டது. நான் சாலை வரைந்தால் முதலில் இரண்டு புள்ளிகளை நேர்கோட்டில் இணைப்பேன். பிறகு சரிவு, மண் வெட்டும் செலவு, நில ஆர்ஜிதம் பார்த்து வளைப்பேன். இந்தப் பாதை வளைந்து வளைந்து போவதற்கு ஒரே காரணம் தண்ணீர். ஆறு, பையூட் ஊற்று, பாறை ஊற்று, மார்ல் ஊற்று, சோடா ஊற்று. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மனிதனும் மாடும் தாங்கும் தூரம். ஊற்றுகளைத் தெரிந்தவனுக்குத்தான் இது பாதை. தெரியாதவனுக்கு வெறும் வெயில்.

*

அன்றிரவு பாறை ஊற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, ஏற்கெனவே ஆட்கள் தங்கிய ஒரு திட்டில் கூடாரம் போட்டோம். நவம்பர் குளிர். ஜீப்காரர் சீக்கிரம் தூங்கிவிட்டார். அண்ணன் மேகி கிண்டி, மேலே சார்டின் டின்னைக் கவிழ்த்தார். அப்போதுதான் சொன்னேன்.

"அண்ணே, நம்ம தோட்டத்துச் சடக்கு போகுதுண்ணே."

"எங்க போகுது?"

"புது ரோடு வருது. அதுக்கு அடியில. ஆறடிக்கு மேல மண்ணு கொட்டி உயத்துறாங்க."

"யாரு போட்டா அந்த பிளான?"

"நான்தான்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் என்னிடம் பதில் தயாராக இருந்தது. நான் போடாவிட்டால் வேறொருவன் போடுவான். அந்த இணைப்புச் சாலை வந்தால் கம்பத்து ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போக இருபது நிமிடம் மிச்சம். தோட்டத்தில் இப்போது நம் ஆள் ஒருவர்கூட இல்லை. எல்லாம் உண்மைதான்.

அவர் எதுவும் கேட்கவில்லை. "பாட்டிக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து கூடாரத்துக்குள் போய்விட்டார். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நட்சத்திரத்தை நான் பார்த்ததே இல்லை, ஆனால் அன்று அதைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லை.

*

இரண்டாம் நாள் காலை அண்ணன் அதிகம் பேசவில்லை. பாதையும் பேசவிடவில்லை. ஒரு தார்ச்சாலையையும் ரயில் தண்டவாளத்தையும் கடந்தபின் நீளமான ஒரு பகுதி முழுக்க மேடு பள்ளம், மேடு பள்ளம். கடல் அலையை அப்படியே உறையவைத்தது மாதிரி. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் சக்கரம் ஓடினால், சின்ன மேட்டில் துள்ளி, அடுத்துக் குத்தும் இடத்தில் மண்ணைத் தள்ளி, தானே அடுத்த மேட்டை உண்டாக்கும். பின்னால் வருபவன் அதே இடத்தில் துள்ளி அதைப் பெரிதாக்குவான். மெதுவாகப் போவதைத் தவிர வழியில்லை. நாங்கள் போதுமான அளவு மெதுவாகப் போகவில்லை. பின்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் அதிர்வுதாங்கியிலிருந்து எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது.

"ஓடும்," என்றார் அண்ணன். "ஆனா குதிக்கும்."

வழி தவறாமல் இருக்க ஜி.பி.எஸ். இருந்தது. ஆனால் அதைவிட நம்பகமான ஒன்று இருந்தது. மேற்கே போகும்போது வலப்பக்கம், கிளை பிரியும் இடங்களில், கற்களை அடுக்கிய சின்னக் குவியல்கள். அவற்றை வைத்தது டென்னிஸ் கேஸ்பியரும் அவரோடு சேர்ந்தவர்களும். 1883-இல் ரயில் வந்தபின் இந்தப் பாதைக்கு வேலையில்லாமல் போயிருந்தது. துண்டு துண்டாக மாடு மேய்ப்பவர்களும் சுரங்கக்காரர்களும் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான். கேஸ்பியர் அமெரிக்கக் கடற்படைக்காக வேலை பார்த்த ஓர் இயற்பியலாளர். விடுமுறை நாள்களில் ஆவணக் காப்பகத்தில் ராணுவக் கடிதங்களைப் படித்து, பாலைவனத்தில் வந்து தேடி, எந்தத் தடம் உண்மையான தடம் என்று ஒவ்வொரு மைலாக உறுதி செய்தார். 1983-இல் இந்தப் பாதைக்கு மைல் மைலாக வழிகாட்டும் புத்தகத்தை வெளியிட்டார். பிறகு காஃப்ஸ் என்ற ஊரில் 1914-இல் கட்டிய ஒரு பழைய பள்ளிக்கூடத்தைச் செப்பனிட்டு, பாலைவனத்தில் வாழ்ந்தவர்களின் வாய்மொழிக் கதைகளைச் சேர்த்துவைத்தார். 2021-இல் இறந்துபோனார்.

யோசித்துப் பார்த்தால் அவர் செய்தது என் வேலையைத் தலைகீழாக. என் கையில் கெட்டிக்கோடு புள்ளிக்கோடாகிறது. அவர் புள்ளிக்கோட்டை எடுத்துக் கெட்டிக்கோடாக்கினார். அதற்கு அவர் தார் ஊற்றவில்லை. பெயர் சொன்னார், ஆட்களை வரவைத்தார். வண்டிகள் போனதால் பாதை பாதையாகவே இருந்தது.

ஆனால் அதிலும் எனக்கு ஒரு முள் இருந்தது. காகிதத்தில் எழுதிவைத்தவர்கள் ராணுவத்தார். அதனால் நமக்குக் கிடைப்பதில் கோட்டைகள் துல்லியமாக இருக்கின்றன, எந்த வருடம் கட்டி எந்த வருடம் விட்டார்கள் என்பதுவரை. ஊற்றுகளைக் கண்டுபிடித்த முதல் ஆள் யார், எந்த ஊற்றை அவர்கள் என்ன பெயரில் கூப்பிட்டார்கள் என்பது நாங்கள் வாசித்த பலகைகளில் இல்லை. பாதையைக் காப்பாற்றுகிறவன் தனக்குக் கிடைத்த பாதையைத்தான் காப்பாற்றுகிறான்.

மார்ல் ஊற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு கொடிக்கம்பமும் ஒரு தபால் பெட்டியும் நிற்கின்றன. கேஸ்பியரின் நண்பர்கள் வைத்தது. உள்ளே ஒரு நோட்டுப் புத்தகம். வருகிறவர்கள் பெயர் எழுதிவிட்டுப் போகவேண்டும். பின்னால் யாரோ ஆரம்பித்துவைத்த வேடிக்கை, நூற்றுக்கணக்கான பொம்மைத் தவளைகள். வடக்கே சிமா குவிமாடம் கண்ணுக்குத் தெரிந்தது. 2020 ஆகஸ்டில் மின்னல் விழுந்து அங்கே 43,000 ஏக்கர் எரிந்தது. ஏறக்குறைய 13 லட்சம் ஜோஷ்வா மரங்கள் போயின. தூரத்திலிருந்து அது வெறும் சாம்பல் நிறப் புள்ளிகளாகத் தெரிந்தது. எனக்குப் பழகிய நிறம்.

நான் பெயர், ஊர், தேதி எழுதினேன். பேனாவை வாங்கிய அண்ணன் ரொம்ப நேரம் எழுதிக்கொண்டே இருந்தார். எட்டிப் பார்த்தேன். தமிழில். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. தமிழ் எழுதி எத்தனை வருடமோ.

*பெரட்டுக் களம். ஆயக்கொட்டகை. ஒத்த மாமரம். கிராணி வீட்டு முக்கு. மாரியம்மன் கோயில். பால் ஸ்டோர் இறக்கம். பள்ளிக்கூடம். ரெண்டாம் வளைவு. பெரிய சடக்கு.*

"வரிசையா வருதா பாரு," என்றார். "காலைல அஞ்சு மணிக்குப் பாட்டி என்ன இழுத்துட்டுப் போவாங்க, ஆயக்கொட்டகையில விட. நான் அழுவேன். சாயந்தரம் கூட்டிட்டு வர்றப்ப ஒவ்வொரு எடமா பேரு சொல்லச் சொல்வாங்க. தொலஞ்சு போனா வழி தெரியணும்ல."

நான் என் போனில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன். அண்ணன் நோட்டை மூடிப் பெட்டிக்குள் வைத்தார்.

*

அடுத்த இடம் 'பதினேழு மைல் முனை'. மார்ல் ஊற்றிலிருந்து 17 மைல், சோடா ஊற்றுக்கும் 17 மைல். பாதையிலேயே தண்ணீரில்லாத நீண்ட பகுதி இதுதான். திரும்பிப் போவதும் முன்னே போவதும் ஒரே தூரம். அன்றிரவு அதன் பக்கத்தில்தான் தங்கினோம். அண்ணன் பேச ஆரம்பித்திருந்தார். தோட்டத்தைப் பற்றித்தான்.

மூன்றாம் நாள் காலை சோடா ஏரி. ஏரி என்று பெயர், தண்ணீர் கிடையாது. உப்பு பூத்த வெள்ளை வெளி, கண்ணைக் கூசுகிறது. பத்து நாளுக்கு முன்னால் மழை பெய்திருந்தது. ஈரமாக இருந்தால் உள்ளே போகவே கூடாது, பேக்கர் ஊர் வழியாகச் சுற்றிப் போகவேண்டும்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "நீதானே எஞ்சினியர். சொல்லு."

இறங்கி நடந்தேன். குதிகாலால் அழுத்தினேன். ரொட்டி சானாய் மாதிரி, மேலே மொறுமொறு, உள்ளே மெத். தடத்துக்கு வெளியே மூன்று அடி தள்ளி அழுத்தியபோது கால் உள்ளே இறங்கியது. தடத்தின்மேல் இறங்கவில்லை. இத்தனை வருடம் இத்தனை வண்டிகள் மிதித்து மிதித்து அந்த ஒரு கோடு மட்டும் இறுகியிருந்தது. நானூறு மீட்டர்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"போலாம்ணே. ஆனா தடத்த விட்டு ஒரு சாண் எறங்கக்கூடாது. ரெண்டு வண்டிக்கும் நடுவுல தூரம் விடுவோம். மெல்ல, நிறுத்தாம."

போனோம். சக்கரத்துக்கடியில் மேலோடு நொறுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு வியர்த்தது. எனக்கு முன்னால் போனவர்களின் எடைமீதுதான் நான் போய்க்கொண்டிருக்கிறேன் என்று அப்போது தோன்றியது. உவமையாக இல்லை, மண் இயந்திரவியல்படியே.

ஏரியின் நடுவில் ஒரு கற்குவியல். பயணிகளின் நினைவுச் சின்னம் என்கிறார்கள். கடந்துபோகும் ஒவ்வொருவரும் ஒரு கல் கொண்டுவந்து போடவேண்டும். அண்ணன் எடுக்கச் சொன்ன கல் இதற்குத்தான். அந்தப் பாதுகாப்புப் பகுதிக்குள் கல் பொறுக்கக்கூடாது என்பதால் வீட்டிலிருந்தே எடுத்துவந்திருக்கிறோம். குவியலின்மேல் ஒரு தகடு இருக்கிறது. அதில் எழுதியிருப்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது பழக்கம். நானும் சொல்லப்போவதில்லை. அண்ணன் படித்துவிட்டுச் சிரித்தார், அந்தப் பயணத்தில் முதல்முறையாக.

ஹார்ட்வேர் கடைக் கல்லை வைத்தேன். அண்ணன் தன் கல்லை வைத்துவிட்டுச் சொன்னார்: "ரோட்ட நிறுத்துன்னு சொல்லல. நிறுத்த உன்னால முடியாதுன்னு எனக்கும் தெரியும். பாட்டிக்குச் சொல்லிரு. அவங்கள ஒருதடவ கூட்டிட்டுப் போயிரு."

ஏரியைக் கடந்தபின் கசிவு அதிகமாகியிருந்தது. மேற்கே இன்னும் மணல்மேடுகள், ஆஃப்டன் பள்ளத்தாக்கு, பூமிக்கடியிலேயே ஓடிவரும் மொஹாவி ஆறு வெளியே வந்து தண்ணீர் காட்டும் இடம், கடைசியில் கேடி முகாம். ஜீப்காரர் எங்கள் பின்னாலேயே நெடுஞ்சாலைவரை வந்தார். ரேஸர் சாலை வழியாக வெளியேறி நெடுஞ்சாலை ஓரத்தில் டயருக்குக் காற்றடித்தோம். பாதையை முடிக்கவில்லை.

"மிச்சம் இருக்கட்டும்," என்றார் அண்ணன்.

*

ஊருக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பாட்டியிடம் சொன்னேன். அவர் அழவில்லை. "எப்ப வெட்டுறாங்க?" என்று கேட்டார். பிறகு, "நீ போடுறியாய்யா அந்த ரோட்ட? நல்லாப் போடு" என்றார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வாரம் மாமாவின் ஹைலக்ஸில் பாட்டியை முன்சீட்டில் உட்காரவைத்துத் தோட்டத்துக்குப் போனோம். செம்பனை நிர்வாகத்திடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தேன். போனில் ஜி.பி.எஸ். பதிவை ஓடவிட்டு, அண்ணன் எழுதிய பட்டியலை வாசித்தேன். பெரட்டுக் களம், ஆயக்கொட்டகை, ஒத்த மாமரம். மாமரம் இல்லை, ஆனால் பாட்டி சரியாக ஓர் இடத்தில் கையைக் காட்டினார். நான் புள்ளி போட்டேன். கிராணி வீட்டு முக்கு, கோயில், பால் ஸ்டோர் இறக்கம், பள்ளிக்கூடம். எல்லாம் வரிசையாக வந்தன.

ரெண்டாம் வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"இத ஏன் உங்க அண்ணன் சும்மா வளவுன்னு எழுதிருக்கான்?"

"அப்படித்தான் எழுதியிருக்கார் பாட்டி."

"அவனுக்கென்ன தெரியும், சின்னப் பையன்." கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பொறந்தவொடனே போன புள்ளைங்கள இங்கதான் பொதைப்போம். பெரிய ஆளுங்களுக்குத்தான் அந்தப் பக்கம் சுடுகாடு. புள்ளைங்களுக்கு இங்க. பொம்பளைங்க மட்டும்தான் வருவோம். உங்கம்மாவுக்கு முன்னாடி ஒண்ணு. சாலாச்சியோடது ரெண்டு. இன்னும் இருக்கு."

அம்மாவுக்கு முன் ஒரு குழந்தை இருந்ததை நான் அன்றுதான் கேட்டேன். அம்மாவும் அன்றுதான் கேட்டார் என்று பிறகு தெரிந்தது. தோட்ட நிர்வாகத்தின் பழைய வரைபடத்தில் சுடுகாடு இருக்கிறது. இந்த வளைவில் ஒன்றும் இல்லை. என் வரைபடத்திலும் ஒன்றும் இல்லை. அங்கே என் கெட்டிக்கோடு நேராகப் போகிறது.

பாட்டியை இறக்க முடியவில்லை. நான் இறங்கி, செம்பனை மட்டைகளுக்கு நடுவே அவர் சொன்ன இடத்தில் நின்றேன். வண்டியிலிருந்து 'இன்னும் கொஞ்சம் அந்தாண்ட' என்று கையசைத்துக்கொண்டே இருந்தார், சரியான இடத்துக்கு நான் போகும்வரை. அங்கே புள்ளி போட்டேன்.

திங்கட்கிழமை வரைபடத்தில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, 'பதிவில் இல்லாத குழந்தைப் புதைகுழிகள், தோட்டத்தில் வாழ்ந்தவரின் வாய்மொழி' என்று எழுதி, நிலைக்கூறுகளோடு மேலதிகாரியிடம் கொடுத்தேன். அந்த மூலையில் பாதையை எட்டு மீட்டர் தள்ளினால் போதும் என்று கணக்கும் இணைத்தேன். ஆதாரம் என்ன என்று கேட்டார். என் பாட்டி என்றேன். மேலே அனுப்புவதாகச் சொன்னார். பதில் இன்னும் வரவில்லை.

பாட்டி தினமும் கேட்கிறார். இப்போது சடக்கைப் பற்றி இல்லை. "அந்த எட்டு மீட்டரு என்னாச்சுய்யா?"